யாரும் கேட்காத கணக்கு

வேத வாசிப்பு: 2 இராஜாக்கள் 5:15–27, 2 கொரிந்தியர் 8:16–21

கிறிஸ்துவுக்குள் பிரியமானவர்களே,



சில மாதங்களுக்கு முன் ஒரு காலைவேளையில், ஆபரேஷனுக்குப் போகும் நோயாளிகளோடு ஜெபிக்கும்படி தியேட்டர் வாசலுக்குச் சென்றிருந்தோம். திண்டிவனத்திற்கு அப்பாலுள்ள ஒரு கிராமத்திலிருந்து வந்திருந்த தாயார் ஒருவர் ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்தார். நகைகளைக் கழற்றிவிட வேண்டும் என்று சிஸ்டர் சொல்லியிருந்தார்கள். உடன் வந்த மகனோ ரத்தம் கொடுக்கப் போயிருந்தான். அந்தத் தாயார் கம்மலையும் மூக்குத்தியையும் கழற்றி, ஒரு கைக்குட்டையில் முடிந்து, எங்கள் கையில் வைத்தார். “ஐயா, இத நீங்களே வெச்சிக்குங்க. திரும்பி வந்தா வாங்கிக்கறேன்” என்றார்.

முந்தின நாள் மாலையில்தான் அவர் எங்களை முதன்முதலாகப் பார்த்தார். எங்கள் பெயர்கூட அவருக்குத் தெரியாது. அவர் நம் சபையைச் சேர்ந்தவரும் அல்ல. இருந்தும் ரசீது கேட்கவில்லை, சாட்சி வைக்கவில்லை. அவருக்கு இருந்த பொன் அவ்வளவுதான் என்று நினைக்கிறோம். அதை அப்படியே கொடுத்துவிட்டு உள்ளே போனார்.

அந்த முடிச்சைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது ஒரு கேள்வி எழுந்தது. இந்த நம்பிக்கை எங்களுடைய சம்பாத்தியமா? நிச்சயமாக இல்லை. நமக்கு முன்னே இந்தப் பகுதியில் ஊழியம் செய்த டாக்டர்கள், நர்சுகள், போதகர்கள், கணக்கர்கள், துப்புரவுப் பணியாளர்கள் என்று எத்தனையோ பேர் உண்மையாய் நடந்து சேர்த்துவைத்த சொத்து அது. நாம் அதன் உக்கிராணக்காரர் மட்டுமே. அதைச் சேர்க்க நூறு வருஷம் ஆகலாம். செலவழிக்க ஒரு மத்தியானம் போதும்.

ஆகவே இந்த மடலில், கிறிஸ்தவத் தலைமையில் இருக்கிறவர்களுக்கு வேண்டிய உத்தமத்தைக் குறித்துத் தியானிப்போம். தலைமை என்றவுடன் பேராயரையும் டைரக்டரையும் மாத்திரம் நினைத்துவிட வேண்டாம். பெண்கள் ஐக்கியத்தின் பொருளாளர், ஞாயிறு பள்ளி மூப்பர், வார்டின் சாவியை வைத்திருக்கும் சிஸ்டர், இப்படிப் பிறர் நம்பி ஒப்புவித்த எதையாவது கையில் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் தலைவரே.

1. கேயாசி எங்கே தவறினான்?

சீரியாவின் படைத்தலைவனாகிய நாகமான் சுகமடைந்து திரும்பி வருகிறான். பத்துத் தாலந்து வெள்ளியும், ஆறாயிரம் சேக்கல் பொன்னும், பத்து மாற்று வஸ்திரங்களும் அவனிடத்தில் இருக்கின்றன. எலிசா தீர்க்கதரிசியோ ஒன்றையும் வாங்க மறுக்கிறார். தேவன் இலவசமாய்க் கொடுத்த சுகத்திற்கு விலைச்சீட்டு ஒட்ட அவருக்கு மனமில்லை.

அவருடைய வேலைக்காரனாகிய கேயாசிக்கு அது பொறுக்கவில்லை. இரதத்தின் பின்னே ஓடுகிறான். ஓடிப்போய் என்ன சொல்லிக் கேட்டான் என்பதைக் கவனியுங்கள். தனக்கு வேண்டும் என்று கேட்கவில்லை. எப்பிராயீம் மலைத்தேசத்திலிருந்து இரண்டு வாலிபத் தீர்க்கதரிசிகள் வந்திருக்கிறார்கள், அவர்களுக்கு ஒரு தாலந்து வெள்ளியும் இரண்டு மாற்று வஸ்திரங்களும் வேண்டும் என்று கேட்டான். நாகமான் மனமுவந்து இரண்டு தாலந்தாகவே கொடுத்தான்.

கேயாசி பூட்டை உடைக்கவில்லை. இல்லாத இரண்டு எளியவர்களின் பெயரைச் சொல்லி, நன்றியால் நிறைந்திருந்த ஒருவனிடத்தில் காணிக்கை வசூலித்தான். நோயாளிகளின் பெயரால் காணிக்கை பெறுகிற எங்களைப் போன்றவர்களுக்கு இதைவிட நேரான எச்சரிப்பு வேதத்தில் வேறில்லை என்றே எண்ணுகிறோம்.

பிறகு அவன் பொருளை வீட்டில் வைத்து, சுமந்து வந்தவர்களை அனுப்பிவிட்டு, ஒன்றும் நடவாததுபோல எஜமான் முன் வந்து நின்றான். எங்கேயிருந்து வருகிறாய் என்று கேட்டபோது, எங்கும் போகவில்லை என்றான். முதல் பொய்யை மறைக்க இரண்டாம் பொய் தேவைப்பட்டது.

கேயாசியைக் குஷ்டரோகம் பிடித்தது என்று வாசிக்கிறோம். இதை வைத்து எந்த நோயாளியையும் பாவி என்று எவரும் நினைத்துவிடக்கூடாது. குஷ்டரோகம் ஒரு கிருமியினால் வருவது. 1981-ல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்துச் சிகிச்சையினால் அது முற்றிலும் குணமாகிறது. இந்த அதிகாரத்தின் பாரம் நோயின்மேல் இல்லை, இரட்டை வாழ்க்கையின்மேல் இருக்கிறது.

2. சுவார்ட்ஸ் ஐயரும் 300 ரூபாயும்

கேயாசிக்கு நேர் எதிரான ஒருவரை நம் தமிழ்நாட்டுத் திருச்சபையின் சரித்திரத்திலேயே காணலாம். அவர் கிறிஸ்டியன் ஃபிரடெரிக் சுவார்ட்ஸ் ஐயர். 1726-ல் ஜெர்மனியில் பிறந்து, 1750-ல் தரங்கம்பாடிக்கு வந்து, திருச்சியிலும் தஞ்சாவூரிலும் ஊழியம் செய்து, 1798 பிப்ரவரி 13-ஆம் தேதி தஞ்சையில் மரித்தவர்.

1779-ல் சென்னையிலிருந்த கம்பெனி அரசாங்கம் மைசூரின் ஐதர் அலியிடம் சமாதானம் பேச அவரை ஸ்ரீரங்கப்பட்டணத்திற்கு அனுப்பியது. ஐதர் அலி அவருடைய மார்க்கத்தைச் சேர்ந்தவர் அல்ல, கம்பெனியின் நண்பரும் அல்ல. ஆனாலும் இந்த மனிதர் தம்மை ஏமாற்றமாட்டார் என்று நம்பி, அவரைத் தூதராக ஏற்றுக்கொண்டார். சுவார்ட்ஸ் ஐயரோ, எந்த வெகுமதியும் வாங்குவதில்லை என்ற தீர்மானத்தோடு போனார். திரும்பும்போது ஐதர் அலி வழிச்செலவுக்கென்று 300 ரூபாய் அனுப்பினார். மறுத்தால் அவமதிப்பாகும் என்ற நிலையில் அதைப் பெற்றுக்கொண்டவர், சென்னைக்கு வந்ததும் அதை அரசாங்கத்தாரிடம் ஒப்படைக்க முன்வந்தார். அவர்கள் வாங்கவில்லை. அப்பொழுதும் அதைத் தமக்கென்று வைத்துக்கொள்ளாமல், தஞ்சாவூரில் பிள்ளைகளுக்கான ஒரு தர்மப் பள்ளிக்கூடத்தின் நிதிக்கு அதை முதலாக வைத்தார்.

அந்த 300 ரூபாய்க்கு அவரிடம் எவரும் கணக்குக் கேட்கவில்லை. வழிச்செலவுக்கு வந்த பணம்தானே என்று அவர் வைத்துக்கொண்டிருந்தால் குற்றம் சொல்வார் இருந்திருக்கமாட்டார்கள்.

மறுவருஷமே சமாதானம் முறிந்தது. 1780-ல் ஐதரின் படைகள் கர்நாடகத்திற்குள் இறங்கின. நமக்கு அருகிலுள்ள செஞ்சிக் கோட்டை அவர் வசமானது, வந்தவாசிக் கோட்டை முற்றுகையிடப்பட்டது. அந்த யுத்த காலத்தில் தஞ்சாவூர்க் கோட்டைக்குள் பஞ்சம் உண்டாயிற்று. வெளியே கிராமங்களில் தானியம் இருந்தது, கொண்டுவர மாடுகள் கிடைக்கவில்லை. முன்பு மாடுகளையும் தானியத்தையும் கொடுத்தவர்களுக்கு உரிய பணம் போய்ச் சேராததால், குடியானவர்கள் அரசாங்கத்தின் சொல்லை நம்பவில்லை. மகாராஜாவே, தங்கள் வார்த்தைக்கு மதிப்பில்லாமற்போனதை ஒப்புக்கொண்டு, சுவார்ட்ஸ் ஐயரை ஜனங்கள் நம்புவார்களா பார்ப்போம் என்று அவரைக் கேட்டுக்கொண்டார். பணம் கொடுக்கத் தாம் பொறுப்பு என்று ஐயர் கிராமங்களுக்குச் சொல்லியனுப்பினார். ஓரிரு நாளில் 1,000 மாடுகள் வந்தன. 80,000 கலம் தானியம் கோட்டைக்குள் சேர்ந்தது. அவர் வாக்குப்படியே பணத்தைக் கொடுத்துத் தீர்த்தார்.

பிரியமானவர்களே, அந்தக் குடியானவர்கள் 300 ரூபாய் விஷயத்தை அறிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. ஆனால் 300 ரூபாய்க்கு ஒரு விதமாகவும் 80,000 கலத்திற்கு வேறு விதமாகவும் நடக்கிறவர் அல்ல அவர் என்பதை அன்றாட வாழ்க்கையில் பார்த்திருந்தார்கள். ஜனங்கள் தலைவர்களைப் பிரசங்கத்தை வைத்து மட்டும் எடைபோடுவதில்லை. கூலி கொடுக்கும்போது பார்க்கிறார்கள், பாக்கிச் சில்லறை திருப்பும்போது பார்க்கிறார்கள்.

சுவார்ட்ஸ் ஐயரிலும் குறைகள் உண்டு. கம்பெனியின் அரசியல் காரியமாக ஒரு மிஷனெரி தூது போனது சரிதானா என்ற கேள்வி நியாயமானதே. உத்தமன் என்றால் தவறே செய்யாதவன் என்று பொருளல்ல. உள்ளே ஒருவனும் வெளியே ஒருவனுமாக இராதவன் என்றே பொருள்.

3. திண்டிவனத்தில் ஓர் இரவு

உத்தமம் பணத்தோடு முடிந்துவிடுவதில்லை. தன்னால் இயன்றது எது, இயலாதது எது என்பதிலும் உண்மை வேண்டும். இதற்கு நம் திண்டிவனமே சாட்சி.

1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்த ஐடா ஸ்கடர், அமெரிக்காவில் படித்துவிட்டு, சுகவீனமாயிருந்த தாயாரைக் கவனிக்க 1890-ல் திண்டிவனத்திற்கு வந்தார். தாம் மிஷனெரியாக மாட்டேன் என்ற எண்ணத்தோடு வந்த இளம்பெண் அவர். ஒரே இரவில் மூன்று ஆண்கள், ஒருவர்பின் ஒருவராக, அவர் வீட்டு வாசலுக்கு வந்தார்கள். மூவருடைய மனைவியரும் பிரசவ வேதனையில் இருந்தார்கள். டாக்டரான தம் தகப்பனாரை அழைத்துப்போகும்படி ஐடா சொன்னார். அந்நிய ஆண் தங்கள் வீட்டுப் பெண்ணைப் பார்க்கக்கூடாது என்று மூவரும் மறுத்தார்கள். நீங்களே வாருங்கள் என்றார்கள். தமக்கு வைத்தியம் தெரியாது என்று அவர் சொன்னார். மூன்று தாய்மாரும் மரித்துப்போனார்கள்.

தெரியாததைத் தெரியாது என்று அந்த இரவில் சொன்னது உண்மை. அந்த உண்மையோடு அவர் நின்றுவிடவில்லை. தெரிந்துகொள்ளும்படி திரும்பிப்போய், வருஷக்கணக்காகப் படித்து, 1899-ல் டாக்டர் பட்டம் பெற்று, 1900-ல் வந்தார். நியூயார்க்கைச் சேர்ந்த ஷெல் என்பவர் மரித்த தம் மனைவியின் நினைவாகப் பெண்களுக்கு ஆஸ்பத்திரி கட்ட 10,000 டாலர் கொடுத்திருந்தார். எதற்கென்று கொடுத்தாரோ அதற்கே அது செலவாயிற்று. 1902-ல் மேரி டேபர் ஷெல் ஆஸ்பத்திரி வேலூரில் திறக்கப்பட்டது. 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் தொடங்கியது. இன்றைய வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி அதிலிருந்து வளர்ந்ததே.

இன்று நம் சபைகளிலும் ஸ்தாபனங்களிலும் பதவிகளுக்குப் போட்டியிடுகிற பலர், அதற்கு வேண்டிய ஆயத்தம் தங்களுக்கு உண்டா என்று கேட்டுக்கொள்வதில்லை. பதவியைப் பெற்றுக்கொண்டு வேலையைக் கற்றுக்கொள்ளாமலிருப்பதும் ஒருவித உண்மையின்மையே.

4. எங்கள் பேனா செய்த தவறு

மற்றவர்களைப் பற்றி எழுதி முடித்துவிட்டால் இந்தப் பாடம் முழுமையாகாது. பல வருஷங்களுக்கு முன் வேறோர் இடத்தில் ஊழியம் செய்தபோது, இதுபோன்ற ஒரு மடலுக்கு நாங்கள் செய்தி எழுதினோம். காலை இழந்த முதியவர் ஒருவர் வார்டில் இருந்தார். நாங்கள் வேதம் வாசிக்கும்போது மரியாதையோடு கேட்பார். ‘நல்லா இருக்குது ஐயா’ என்பார். அவ்வளவுதான் நடந்தது. மடலில் நாங்கள் எழுதியதோ, அவர் கண்ணீரோடு ஆண்டவரை ஏற்றுக்கொண்டார் என்று. சற்றுக் கூட்டி எழுதினால் வாசிப்பவர்கள் உற்சாகப்படுவார்கள் என்று நினைத்தோம்.

ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் அதை வாசித்து, உள்ளம் உருகிக் காணிக்கை அனுப்பினார். பிறகு அந்த முதியவரைப் பார்க்க நேரிலேயே வந்துவிட்டார். முதியவர் கள்ளமில்லாமல், “ஐயா ரொம்ப நல்லவரும்மா. நான் எங்க ஊரு சாமியத்தான் கும்புடறேன்” என்றார். அந்த அம்மையார் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒன்றும் சொல்லவில்லை. அன்று இரவு எங்களுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அடுத்த மடலில் திருத்தம் எழுதினோம். அந்த முதியவரிடமும் மன்னிப்புக் கேட்டோம். அவருடைய வேதனையை அவரைக் கேளாமலே எங்களுக்கு உதவும் பொருளாக்கிவிட்டோம் அல்லவா? கேயாசி இல்லாத இருவரின் பெயரைச் சொன்னான். நாங்கள் இருந்த ஒருவருக்கு இல்லாத சாட்சியைச் சூட்டினோம். அம்மையார் தொடர்ந்து காணிக்கை அனுப்பினார்கள். ஆனால் அதன்பின் ஒவ்வொரு முறையும் ரசீது எண்ணைக் கேட்டு எழுதினார்கள். அதற்குமுன் ஒருபோதும் கேட்டதில்லை.

5. பவுல் செய்த ஏற்பாடு

செமினரியில் எங்களுக்குப் பிரசங்கம் ஆயத்தம் செய்யக் கற்றுக்கொடுத்தார்கள். ரொக்கப் புத்தகம் எழுதக் கற்றுக்கொடுக்கவில்லை. ஆனால் பவுல் அப்போஸ்தலனுக்கு அது தெரிந்திருந்தது. எருசலேமின் ஏழைகளுக்காகச் சேர்த்த பணத்தை அவர் தனியாகச் சுமந்து போகவில்லை. தீத்துவையும், சபைகளால் நற்சாட்சி பெற்ற வேறு இரண்டு சகோதரரையும் அந்தப் பணியில் ஏற்படுத்தினார். ஒருவரும் குறைசொல்ல இடமிருக்கக்கூடாது, கர்த்தருக்கு முன்பாக மட்டுமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் காரியம் யோக்கியமாயிருக்க வேண்டும் என்பது அவருடைய நோக்கம் (2 கொரி. 8:20, 21). ‘கர்த்தருக்குத் தெரியும்’ என்று சொல்லிக் கணக்கைத் தவிர்க்கிறவர்கள் இந்தப் பகுதியைத் திரும்ப வாசிக்கவேண்டும்.

சபைகளிலும் சங்கங்களிலும் பொறுப்பிலிருப்பவர்களுக்குச் சில ஆலோசனைகள்:

அ) காணிக்கையை எப்போதும் இருவர் சேர்ந்து எண்ணி, அன்றைக்கே கையெழுத்திடுங்கள். இது சந்தேகம் அல்ல, எண்ணுகிறவருக்குப் பாதுகாப்பு.

ஆ) ஏழை நோயாளிகளுக்கென்று வந்த பணத்தைச் சுவருக்கு வண்ணம் பூசச் செலவழிக்காதீர்கள். வேறு அவசரம் வந்தால் கொடுத்தவரைக் கேட்டு, எழுத்தில் சம்மதம் பெறுங்கள்.

இ) பணம் வாங்குகிறவரும், செலவை அனுமதிக்கிறவரும், கணக்கைச் சரிபார்க்கிறவரும் ஒரே குடும்பத்தாராய் இருக்கவேண்டாம்.

ஈ) சட்டம் கேட்கிற கணக்கைக் காலத்தில் கொடுங்கள். வெளிநாட்டுக் காணிக்கைகளுக்கு 2010-ஆம் வருஷத்து ஒழுங்குமுறைச் சட்டமும் 2020-ல் வந்த அதன் திருத்தமும் உண்டு. தணிக்கை அறிக்கையை எளிய தமிழில் சபைக்கு வாசியுங்கள்.

உ) நோயாளியின் கதையையோ படத்தையோ அவர் சம்மதமின்றி வெளியிடாதீர்கள். எண்ணிக்கைகளைக் கூட்டாதீர்கள். அறுபது பேர் வந்திருந்தால் அறுபது என்றே எழுதுங்கள். அந்த அறுபது பேரையும் ஆண்டவர் அறிவார்.

காணிக்கை கொடுத்துத் தாங்குகிற உங்களுக்கும் அன்போடு ஒரு வார்த்தை. கணக்குக் கேட்பது உங்கள் உரிமை. தாராளமாய்க் கேளுங்கள், நாங்கள் வருத்தப்படமாட்டோம். ஆனால் ஒவ்வொரு மாதமும் அற்புதச் செய்தியை மட்டும் எதிர்பார்க்காதீர்கள். சில மாதங்களில் பிழைத்தவர்களைவிட நாங்கள் இழந்தவர்களே மனதை நிரப்பியிருப்பார்கள். அதையும் உள்ளபடி கேட்க ஆயத்தமாயிருங்கள். அப்படியே, காணிக்கையோடு சிபாரிசுக் கடிதமும் வேண்டாம். ‘நாங்கள் இத்தனை வருஷம் கொடுத்தோமே, எங்கள் தம்பி மகனுக்கு ஒரு வேலை கொடுக்கக்கூடாதா’ என்ற வார்த்தை எத்தனையோ உண்மையுள்ள நிர்வாகிகளை இடறப்பண்ணியிருக்கிறது.

முடிவாக

அந்தத் தாயாருக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மறுநாள் வார்டுக்குப் போய், சிஸ்டரும் மகனும் பார்த்துக்கொண்டிருக்க, கைக்குட்டையை அவர் முன் வைத்தோம். அவர் அதை அவிழ்க்காமலே தலையணைக்கடியில் வைக்கப் போனார்.

“எண்ணிப் பாத்துக்குங்கம்மா” என்றோம்.

“உங்ககிட்ட எண்ணணுமா ஐயா?”

“எண்ணணும்மா.”

அவர் சிரித்துக்கொண்டே முடிச்சை அவிழ்த்தார். கம்மல் ஒரு ஜோடி. திருகாணி இரண்டு. மூக்குத்தி ஒன்று. மகன் எடுத்து அம்மாவின் கையில் கொடுத்தான்.

பிரியமானவர்களே, உங்கள் கையிலும் எங்கள் கையிலும் யாரோ ஒருவருடைய முடிச்சு இருக்கிறது. அவர்கள் கேட்பதற்கு முன்னே அவிழ்த்துக் காட்டும் கிருபையை ஆண்டவர் நமக்குத் தருவாராக.

சிந்திக்கவும் கலந்துபேசவும்:

1. பிறர் நம்பி என்னிடம் ஒப்புவித்தவை எவை? பணம் மட்டும்தானா?

2. யாரும் கேட்கமாட்டார்கள் என்பதற்காக நான் கணக்கு வைக்காமலிருக்கும் காரியம் எது?

3. நான் சொன்ன சாட்சியில் திருத்த வேண்டியது ஏதேனும் உண்டா? யாரிடம் போய்த் திருத்த வேண்டும்?

4. நம் சபையில் காணிக்கை எண்ணப்படும் முறை பவுலின் ஏற்பாட்டுக்கு ஒத்திருக்கிறதா?

ஜெபம்: அன்பின் பரலோகத் தகப்பனே, எங்கள் முன்னோர் உண்மையினால் சேர்த்த நம்பிக்கையை எங்கள் கையில் ஒப்புவித்தீர். அதை வீணாக்காதபடி எங்களைக் காத்தருளும். கூட்டியும் குறைத்தும் பேசின எங்கள் உதடுகளை மன்னியும். எங்கள் ஆஸ்பத்திரியையும், அதைத் தாங்குகிற எங்கள் சகோதர சகோதரிகளையும், எங்களை நம்பி வருகிற ஒவ்வொரு நோயாளியையும் ஆசீர்வதியும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் கேட்கிறோம் பிதாவே. ஆமென்.

கர்த்தருடைய பணியில்,
ஆஸ்பத்திரி ஆயர்